கழுத்துக்குப் பட்டியலில் இடமில்லை

2025 ஆகஸ்ட் 13 நள்ளிரவில், ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களைப் போலீஸ் வண்டிகளில் ஏற்றி அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் அமைச்சரவை கூடியது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று கேட்டவர்களுக்குக் காலை உணவு, காப்பீடு, வீடு, தொழில் தொடங்க மானியம் என்று அறிவிப்புகள் வந்தன. அவற்றில் ஒன்றை நாம் நிதானமாக வாசிக்க வேண்டும். குப்பையைக் கையாளுவதால் நுரையீரலிலும் தோலிலும் நோய் வருகிறது, அந்தத் தொழில்சார் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை தரத் தனித்திட்டம் வரும் என்றது அரசு.

நுரையீரல், தோல். இரண்டும் உண்மை, இரண்டுக்கும் சிகிச்சை வேண்டும். ஆனால் இந்தத் தேர்வைக் கவனியுங்கள் தோழர்களே. குப்பையின் புழுதி போய்ச் சேரும் இடம் நுரையீரல். குப்பை ஒட்டும் இடம் தோல். குப்பையைத் தூக்குகிற கழுத்தும் தோளும் கையும் அந்த வாக்கியத்தில் இல்லை. அரசின் கண்ணுக்குத் தூய்மைப் பணியாளர் அழுக்குப் பட்ட உடம்பாகத் தெரிகிறார். பாரம் சுமந்த உடம்பாகத் தெரியவில்லை. சாதி நம்மைப் பார்க்கும் பார்வையும் இதேதானே?

வட மாவட்ட நகராட்சி ஒன்றில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களோடு நாங்கள் வேலை செய்கிறோம். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை என்றுதான் பெரும்பாலும் எங்களிடம் வருவார்கள். உடம்பைப் பற்றிய பேச்சு போகிற போக்கில்தான் வரும். "கழுத்துலேர்ந்து கைக்குக் கரண்டு அடிச்ச மாதிரி இறங்குது." "ராத்திரி ரெண்டு மணிக்குக் கை மரத்துப்போயி முழிப்பு வந்துடுது, உதறுனா சரியாயிடும்." "டம்ளரு தானா நழுவுது." சொல்லி முடித்ததும் தவறாமல் இன்னொரு வாக்கியம் வரும்: "இப்ப ஒண்ணும் இல்ல பாப்பா, நேத்துதான் இருந்துச்சு."

சிக்கல் எல்லாம் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான். வந்து போகிற வலிக்கு இந்த நாட்டில் மரியாதை கிடையாது. கை ஒடிந்தால் கட்டுப் போடுவார்கள். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் சாட்சி சொல்லும். இரண்டு வாரம் இல்லாமல் இருந்து மூன்றாவது வாரம் வந்து, மறுபடி காணாமல் போகிற மரமரப்புக்கு அதை அனுபவிக்கிறவரின் சொல் ஒன்றுதான் சாட்சி. அந்தச் சொல் யாருடையது என்பதைப் பொறுத்தே அது நோயா நாடகமா என்று முடிவாகிறது. மேஸ்திரி கேட்கும் கேள்வி நமக்கு மனப்பாடம்: "நேத்து நல்லாத்தான இருந்த?"

எங்களோடு இருக்கும் அக்கா ஒருவருக்கு 42 வயது. 11 வருடமாக இதே வேலை. கடந்த ஒரு வருடத்தில் அவரோடு ஏழு முறை அரசு மருத்துவமனைகளுக்குப் போய்வந்தோம். முதல் முறை ஊசி, வலி மாத்திரை, கால்சியம். இரண்டாம் முறையும் அதே. அடுத்து எலும்புப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்து "தேய்மானம்" என்றார்கள், கழுத்துப் பட்டை போடச் சொன்னார்கள். கழுத்துப் பட்டை போட்டால் குனிந்து கூட்ட முடியாது என்பது அதை எழுதிக் கொடுத்தவருக்குத் தோன்றவில்லை. பிறகு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். நரம்புப் பரிசோதனைக்கு இரண்டு மாதம் கழித்துத் தேதி. அந்தத் தேதியில் அக்காவுக்கு வலி இல்லை. அறிக்கை 'நார்மல்'. அறிக்கையைப் பார்த்த டாக்டர், "மனசுல என்னம்மா கவலை?" என்று கேட்டுத் தூக்க மாத்திரை எழுதினார். மனசில் கவலை இல்லாமலா இருக்கும்? ஆனால் கவலை சுண்டுவிரலில் மட்டும் மரத்துப்போகாது.

இத்தனை முறையில் ஒரே ஒருவர் பாரம் பற்றிக் கேட்டார். "வீட்டுல தண்ணிக் குடம் தூக்குவியா?" "தூக்குவேன் சார்." "அதான்." எழுதி முடித்துவிட்டார். காலை 6 மணியிலிருந்து பகல் 2 மணி வரை என்ன தூக்குகிறாய் என்று கேட்கவில்லை. ஓபி சீட்டில் பெயர், வயது, பாலினம் இருந்தன. தொழிலுக்குக் கட்டம் இல்லை. அக்காவும் தானாகச் சொல்லவில்லை. சொன்னால் எதிரே இருக்கும் நாற்காலி பின்னால் நகரும் என்று அவருக்குத் தெரியும்.

கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? நீளக் கம்பு விளக்குமாற்றால் ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி மூன்று தெரு கூட்டுகிறார். குவித்ததை முறத்தில் வாரித் தள்ளுவண்டிப் பக்கெட்டில் போடுகிறார். வண்டியின் கைப்பிடி அவர் உயரத்துக்கு ஏற்றதில்லை; தோளைத் தூக்கிக்கொண்டுதான் தள்ள வேண்டும். லாரி வந்ததும் பக்கெட்டை, சாக்கு மூட்டையை, மழை நாளில் தண்ணீர் ஊறி இரண்டு மடங்கு கனக்கும் இலைக் குவியலைத் தலைக்கு மேலே தூக்கி உள்ளே கவிழ்க்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணச் சொன்னோம். சிரித்தார். எண்ணினால் தூக்க முடியாதாம்.

மருத்துவம் இங்கே ஒன்றும் தெரியாமல் நிற்கவில்லை. கழுத்தெலும்புகளுக்கு இடையிலிருந்து வெளியே வரும் நரம்பு வேர்கள் தோளைத் தாண்டிக் கைக்கு இறங்குகின்றன. வேர் அழுந்தும் இடத்தைப் பொறுத்துக் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என்று மரமரப்பு இடம் மாறும். இன்னொரு நெருக்கடி, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே உள்ள சந்தில். அந்த வழியாகத்தான் நரம்பும் ரத்தக்குழாயும் கைக்குப் போகின்றன. கையைத் தூக்கும்போது சந்து குறுகலாம், இறக்கினால் விரியும். மூன்றாவது மணிக்கட்டு. இரவில் கை மரத்து விழிப்பதும் உதறினால் சரியாவதும் மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதன் பழகிய அடையாளம். தண்ணீர் டியூபை மிதித்தால் தண்ணீர் நிற்கிறது, காலை எடுத்தால் வருகிறது. காலை எடுத்த பிறகு வந்து பார்த்து, டியூபில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் எப்படி? வேலை நேரத்தில் பேசும் உடம்பை, வேலை இல்லாத நேரத்தில் படுக்கவைத்துப் பார்க்கிறார்கள். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், நரம்பைக் காட்டாது. நாற்பது வயதுக்கு மேல் வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும். நரம்புப் பரிசோதனை நார்மல் என்று வந்தாலே நரம்பில் பிரச்சினை இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

இவற்றைக் கண்டுபிடிக்க முதல் கருவி கைதான். தலையைப் பக்கவாட்டில் சாய்த்து மெல்ல அழுத்திப் பார்ப்பது ஒரு சோதனை. (இதை வீட்டில் யாரும் செய்து பார்க்காதீர்கள், பயிற்சி உள்ளவர் மட்டும் செய்ய வேண்டியது.) மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருப்பது இன்னொன்று. இரண்டு கையையும் சரணடைவதுபோல் உயர்த்தி மூன்று நிமிடம் விரல்களை மூடித் திறக்கச் சொல்வது மற்றொன்று. எதற்கும் மின்சாரம்கூட வேண்டாம். தொட வேண்டும், கூடவே மூன்று நிமிடம் வேண்டும். இந்த இரண்டும் எங்கள் அக்காக்களுக்கு ஏன் கிடைப்பதில்லை என்பதே கேள்வி.

கூட்டம் என்பார்கள். உண்மைதான், ஒரு டாக்டருக்கு முன் நூறு பேர் நிற்கிறார்கள். காலியிடங்களை நிரப்பாத அரசுதான் அதற்குப் பொறுப்பு, அங்கே தவிக்கும் இளம் டாக்டரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டோம். ஆனால் அதே வரிசையில் எங்கள் கண்முன்னே சிலருக்கு முதுகில் கை வைத்துப் பார்க்கப்படுகிறது. சிலருக்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தே மாத்திரை எழுதப்படுகிறது. 'நீங்க', 'நீ' என்று விளிப்பும் அங்கேயே பிரிகிறது. தீண்டாமையை டீக்கடையிலும் கோயிலிலும் மட்டும் தேடினால் போதாது தோழர்களே. தொட்டால்தான் கண்டுபிடிக்க முடிகிற நோயைத் தொடாமலே 'ஒன்றும் இல்லை' என்று எழுதுவதற்கு நாங்கள் வேறு பெயர் தேடவில்லை.

இத்தாலியின் மொடேனா நகரில் பெர்னார்தினோ ராமஸ்ஸினி என்றொரு மருத்துவர் இருந்தார். தன் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்தவர் பதறிப் பதறி வேலை செய்வதைப் பார்த்து, ஏன் இந்த அவசரம் என்று கேட்டார். அதிக நேரம் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்று அந்தத் தொழிலாளி சொன்ன பதில்தான், தொழிலாளர் நோய்களைப் பற்றி அவர் 1700-இல் வெளியிட்ட புத்தகத்துக்கு விதை. நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு "என்ன வேலை செய்கிறாய்?" என்பதையும் சேருங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். ஒரு மலக்குழித் தொழிலாளியின் வாயிலிருந்து பிறந்த மருத்துவத் துறை இது. 300 வருடம் கழித்து, அதே தொழிலைச் சாதியின் பெயரால் திணித்து வைத்திருக்கும் நாட்டில், அந்தத் தொழிலாளியின் மகளிடம் அந்த ஒரு கேள்வி கேட்கப்படுவதில்லை. 1713-இல் வந்த அடுத்த பதிப்பில், எழுத்தர்களின் கை ஓயாமல் எழுதுவதால் சோர்ந்துபோவதையும் அவர் சேர்த்தார். எழுதுகிறவரின் கை அன்றே பதிவாகிவிட்டது. இன்று ஓஎம்ஆர் அலுவலகங்களில் லேப்டாப் கழுத்துக்கு வசதியான நாற்காலி இருக்கிறது, பத்திரிகைகளில் பயிற்சிப் படங்கள் வருகின்றன. அந்தக் கழுத்துவலி உண்மையானது, அதை நாம் கேலி செய்யவில்லை. அந்த அலுவலகத்துக்குக் கீழே குப்பைத் தொட்டியைத் தூக்குகிறவரின் கழுத்தும் அதே எலும்பால் ஆனது என்கிறோம், அவ்வளவுதான்.

சட்டத்துக்கு வருவோம். சமூகவியல் வகுப்பில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை, நாங்களும் வேலைக்கு வந்த பிறகுதான் படித்தோம். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் மூன்றாம் அட்டவணை என்று ஒரு பட்டியல் இருந்தது. ஈயம், பாதரசம், பென்சீன், கல்நார், இரைச்சலால் காது கேளாமை என்று நீளும். பட்டியலில் உள்ள நோய் அதற்குரிய வேலையில் இருப்பவருக்கு வந்தால், வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பட்டியலில் இல்லாத நோய் என்றால், குறிப்பிட்ட ஒரு விபத்தில் ஏற்பட்ட காயத்தின் நேரடி விளைவு அது என்று தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும். இஎஸ்ஐ சட்டத்திலும் இதே ஏற்பாடுதான் இருந்தது. பாரம் தூக்கித் தூக்கி நசுங்கும் நரம்பு அந்தப் பட்டியலில் இல்லை. 11 வருடம் தினமும் நடந்த ஒன்றை எந்தத் தேதியின் விபத்து என்று அக்கா எழுதுவார்? 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் பட்டியல் மூன்றாம் அட்டவணையாகவே வந்தது. கழுத்து அதிலும் ஏறவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தன் தொழில்நோய்ப் பட்டியலில் தசை, எலும்பு, மூட்டு நோய்களுக்குத் தனிப் பகுதியே வைத்திருக்கிறது, மணிக்கட்டு நரம்பு நெருக்கம் உட்பட. ஆக, இது உலகத்துக்குத் தெரியாத நோய் இல்லை. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய பாரத்தைத் தூக்கவைக்கக் கூடாது என்றது. தெரு தொழிற்சாலை இல்லையே!

இந்த வித்தியாசம் கையில் வரும் காசில் தெரியும். வேலையால் வந்த ஊனம் என்று ஒப்புக்கொண்டால் இஎஸ்ஐயில் தற்காலிக ஊனத்துக்குக் கூலியில் 90 சதவீதம், ஊனம் நீடிக்கும் வரை. சாதாரண நோய் என்றால் 70 சதவீதம், அதுவும் வருடத்துக்கு 91 நாள்தான். 'ஒன்றும் இல்லை' என்றால் ஒன்றும் இல்லை. அக்காவுக்குக் கூலியில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். ஒப்பந்ததாரர் தன் பங்கான 3.25 சதவீதத்தோடு அதைச் சேர்த்துக் கட்டினாரா என்று இன்சூரன்ஸ் எண்ணை வைத்துப் பார்த்தபோது, இடையில் நான்கு மாதம் காணவில்லை. கேட்டால் சர்வர் பிரச்சினையாம்.

நம் இயக்கங்கள் மலக்குழி மரணங்களை எண்ணுகின்றன. எண்ணித்தான் தீர வேண்டும். அப்படி எண்ணியதால்தான் 2014-இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் அது 30 லட்சமானது. ஆனால் ஒரே நாளில் நிகழும் சாவுக்குத்தான் செய்தியும் தீர்ப்பும் கிடைக்கின்றன. இருபது வருடத்தில் ஒரு கையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும் வேலைக்குச் சாட்சி இல்லை, எஃப்ஐஆர் இல்லை. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்துப் படிநிலையில் அடுக்குவது என்று பாபாசாகேப் 1936-இல் எழுதினார். எந்தக் கழுத்து குனிய வேண்டும், எந்தக் கழுத்தின் வலி நம்பப்பட வேண்டும் என்பதும் அந்த அடுக்கின்படிதான் நடக்கிறது.

மாணவத் தோழர்கள் என்ன செய்யலாம் என்று கேட்டு எழுதுகிறீர்கள். கூடப் போங்கள். ஓபி வரிசையில் கூட நிற்பதற்குப் பட்டம் தேவையில்லை. போவதற்கு முன் ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி, அப்போது என்ன தூக்கிக்கொண்டிருந்தார், எந்த விரல், எவ்வளவு நேரம், எப்படி வைத்தபோது விட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர் சொல்ல, பிள்ளைகள் எழுதலாம். கை மரத்திருக்கும்போதே போனில் வீடியோ எடுக்கலாம். வந்து போகிற வலிக்கு அதுதான் சாட்சி. டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே வேலையைச் சொல்லவையுங்கள், அதைச் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். நாளை வழக்கென்று வந்தால் அந்த ஒரு வரி பேசும். சர்க்கரை, தைராய்டு, பி12 குறைவு ஆகியவையும் கையை மரக்கவைக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

காத்திருக்கவே கூடாத சில உண்டு. கையில் பலம் குறைந்துகொண்டே போவது, பட்டன் போட முடியாமல் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழப்பது ஆகியவை தண்டுவடம் அழுந்துவதன் அறிகுறியாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனை போக வேண்டும். நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறலோடு வரும் கைவலி என்றால் 108. "எப்பவும் வர்ற வலிதான்" என்று எங்கள் பெண்கள் சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். வெறும் வயிற்றில் மெடிக்கலில் வாங்கிப் போடும் வலி மாத்திரையைப் பற்றியும் பேசுங்கள். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் அதிலிருந்து வரலாம்.

ஏழாவது முறை ஒரு பயிற்சி டாக்டர் அக்காவின் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். எழுந்து வந்தார். தோளைத் தொட்டு, காறை எலும்புக்கு மேலே அழுத்திப் பார்த்து, கைகளை உயர்த்தச் சொன்னார். ஒன்றரை நிமிடத்தில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரக்கத் தொடங்கின. "இதான் சார், இதேதான்" என்றார் அக்கா, ஏதோ திருடனைக் கையும் களவுமாகப் பிடித்ததுபோல. காறை எலும்புக்குக் கீழே நரம்பு நெருங்குவதாகச் சந்தேகம் என்று எழுதி, தொழில்: தூய்மைப் பணி, தலைக்கு மேல் பாரம் தூக்குதல் என்றும் எழுதினார். இன்னும் ஸ்கேன் பாக்கி இருக்கிறது, உறுதியாக எதுவும் சொல்லவில்லை. பிசியோதெரபிக்குச் சீட்டு கொடுத்தார்.

பிசியோதெரபி பிரிவு காலை 9 மணி முதல் 12 வரை. அக்காவின் வேலை காலை 6 முதல் பகல் 2 வரை. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும், மூன்று நாள் போனால் பெயர் போகும்.

ஆகவே நகராட்சி ஆணையரிடம் மனு கொடுத்திருக்கிறோம். சிகிச்சை நேரத்தைக் கூலியோடு வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும். பாதிக்கப்பட்டவரைக் கூலி குறைக்காமல் தூக்காத வேலைக்கு மாற்ற வேண்டும். லாரியில் ஏற்ற இயந்திரத் தூக்கி வேண்டும், வண்டிக் கைப்பிடி தள்ளுகிறவரின் உயரத்துக்கு இருக்க வேண்டும். தனித்திட்டத்தில் நுரையீரல், தோலோடு கழுத்து, தோள், கை ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும் என்று சுகாதாரத் துறைக்கும், தொழில்நோய்ப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று தொழிலாளர் துறைக்கும் நகல் போயிருக்கிறது. பழைய சட்டத்திலேயே மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்துப் பட்டியலை நீட்டிக்க மாநில அரசுக்கு அதிகாரம் இருந்தது என்பதையும் அதில் எழுதியிருக்கிறோம். மனு பெற்றதற்கான ரசீது எங்கள் கையில் இருக்கிறது. பதில் வரவில்லை. உங்கள் ஊர் நகராட்சியிலும் இதே மனுவைக் கொடுக்க விரும்பும் தோழர்கள் எழுதுங்கள், நகல் அனுப்புகிறோம்.